கோடு இருந்தா ஒரே அணிலா? திட்டக்குடி தோப்பு முதல் மலைக்காடு வரை... எந்த அணில் எது? கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் முருங்கை மரத்தில் ஓடுவதும் அணில். கொய்யாவைப் பாதி கடித்துவிட்டுப் போவதும் அணில். காட்டு ரோட்டில் குறுக்கே பாய்ந்ததும் அணில். நம்மில் பலருக்கு அணில் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் தமிழ்நாட்டில் மட்டும் 7 வகை அணில்கள் இருக்கின்றன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்னொன்று வாலோடு சேர்த்து அளந்தால் இரண்டரை அடியைத் தாண்டும். இரவில் மட்டும் வெளியே வந்து மரம் விட்டு மரம் மிதந்து போகிற அணிலும் உண்டு. பார்க்க அணில் மாதிரியே இருந்துகொண்டு, அணிலே இல்லாத ஒரு விலங்கும் நம் ஊர் மலைகளில் திரிகிறது.

இவற்றை எப்படிப் பிரித்து அறிவது? கடலூர் மாவட்டம் திட்டக்குடியை மையமாக வைத்தே பார்ப்போம்.

அணிலைப் பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்விதான். பதில் செஞ்சியில் இருக்கிறது.

சாம்பல் நிற அணில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த அணிலுக்காகவே 1988-ல் அங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமாகவும் ஆனது. உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இந்த அணில் உண்டு.

அப்படிப்பட்ட அணில், விழுப்புரம் மாவட்டம் செஞ்சி பக்கத்தில் இருக்கும் பாக்கமலை காப்புக்காட்டிலும் வாழ்வது சில ஆண்டுகளுக்கு முன்பு பதிவானது. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கே, செஞ்சி எங்கே! திட்டக்குடியும் செஞ்சியும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த தென்னாற்காடு மாவட்டத்துக்காரர்கள். அதாவது, அந்த அரிய அணில் நமக்கு அக்கம்பக்கத்து வீடு.

பார்த்தவர்கள் "ஏதோ ஒரு அணில்" என்று நகர்ந்திருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது. ஒரு காட்டில் என்ன உயிர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தக் காட்டைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவே முடியும். விஷயம் அவ்வளவுதான்.

திட்டக்குடியில் தினமும் பார்ப்பது எது?

வெள்ளாற்றங்கரை, வெலிங்டன் ஏரிக்கரைப் பனைகள், விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகள், வீட்டுக் கூரை, கோயில் கோபுரம் என எங்கும் ஓடுவது மூவரி அணில். அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மரம்.

அடையாளம் இதுதான்:

• முதுகில் தலையிலிருந்து வால் வரை 3 வெளிர் கோடுகள்.
• உடல் சுமார் 15 செ.மீ. வாலும் கிட்டத்தட்ட அதே நீளம்.
• எடை 100 கிராம் அளவுதான்.
• வயிறு வெளிர் நிறம். வால் புசுபுசுவென இருக்கும்.

"ராமர் தடவிக் கொடுத்ததால் வந்த மூன்று கோடு" என்ற கதையைச் சின்ன வயதில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் கோட்டை எண்ணி அணிலை அடையாளம் சொல்வது தமிழில் மிகப் பழைய பழக்கம். தொல்காப்பியத்தின் மரபியல், அணிலைப் பற்றிச் சொல்லும்போதே மூன்று வரி உள்ளது என்று அடையாளத்தோடுதான் சொல்கிறது. அதன் இளசைக் "குட்டி" என்று அழைக்கலாம் என்றும் விதி சொல்கிறது. புறநானூற்றின் 246-வது பாடலில் வெள்ளரிக்காயின் கோடுகளுக்கு உவமையாக வருவதும் அணிலின் வரிதான்.

வட இந்தியாவுக்குப் போனால் அங்கே தோட்டங்களில் ஓடுவது ஐவரி அணில். நடுவில் 3 கோடு, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் 2 மெல்லிய கோடு. டெல்லியில் எடுத்த அணில் போட்டோவை உற்றுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும்.

கோடு மட்டும் போதாதா?

போதாது. ஏன் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் இரண்டு வரி அணில்கள் இருக்கின்றன.

ஒன்று காட்டு வரி அணில். இதற்கும் மூன்று கோடுதான். ஆனால் உடம்பு நம்ம ஊர் அணிலைவிடக் கருமை கூடியது. நெற்றிப் பக்கம் செம்பழுப்பாக இருக்கும். மழைக்காடு, காப்பித் தோட்டம் போன்ற இடங்களில் பார்க்கலாம்.

இன்னொன்று அதைவிடச் சின்னது. நீலகிரி, பழனி போன்ற உயரமான மலைகளில் அடர்ந்த புதருக்குள் ஓடும். கோடுகள் அவ்வளவு மங்கலாக இருக்கும், தூரத்தில் பார்த்தால் எலி என்றே நினைப்போம்.

ஆக, ஊட்டியில் பார்த்த அணிலும் திட்டக்குடியில் பார்த்த அணிலும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. எந்த ஊர், எந்த உயரம், என்ன மாதிரி காடு என்பதும் அடையாளத்தில் ஒரு பகுதி.

மலை அணிலா, சாம்பல் நிற அணிலா?

இரண்டுமே பெரிய அணில்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் குரங்குக்குட்டியோ, மரநாயோ என்று திகைப்பதுண்டு. இரண்டும் பெரும்பாலும் தரையில் இறங்காது. மரத்து உச்சியிலேயே வாழ்க்கை. ஆனால் பிரித்துச் சொல்வது சுலபம்.

மலை அணில்: கலர்தான் அடையாளம். முதுகு அடர் சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு, சில பகுதிகளில் கருப்பு. வயிறு வெளிர் மஞ்சள். இரண்டு காதுகளுக்கு நடுவில் ஒரு வெளிர் திட்டு. மகாராஷ்டிராவில் இதற்குப் பெயர் ஷேக்ரு. அந்த மாநிலத்தின் மாநில விலங்கே இதுதான்.

சாம்பல் நிற அணில்: பெயரே சொல்லிவிடும். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் ஆங்காங்கே வெள்ளை முடி கலந்து, நரைத்த தலை மாதிரி தெரியும். அதனால்தான் நரை அணில் என்றும் சொல்கிறார்கள். உச்சந்தலை கருமையாக இருக்கும். அளவில் மலை அணிலைவிடச் சற்றுச் சிறியது.

ஒரு குறிப்பு: மலை அணில் ஈரமான காடுகளை அதிகம் விரும்பும். சாம்பல் நிற அணிலுக்குப் பிடித்தது ஆற்றங்கரையை ஒட்டிய மரங்கள், மலையடிவாரத்து மாந்தோப்பு, புளியந்தோப்பு போன்றவை.

அணிலே கண்ணில் படவில்லை... இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மேலே பாருங்கள். உயரமான மரத்தின் உச்சியில், குச்சியும் இலையும் சேர்த்துக் கட்டிய உருண்டையான பெரிய கூடு தெரிந்தால் அது பெரிய அணிலின் வேலையாக இருக்கலாம். காக்கை கூடு மேலே திறந்த கிண்ணம் மாதிரி இருக்கும். இது மூடிய பந்து மாதிரி. ஒரே அணில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் பல கூடுகள் வைத்திருக்கும். அதனால் நாலு கூடு பார்த்தால் நாலு அணில் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

வீட்டுப் பக்கத்து மூவரி அணில் கூட்டுக்கு நார், பஞ்சு, துணிக் கந்தல் எதுவானாலும் பரவாயில்லை. ஓட்டு இடுக்கு, மீட்டர் பெட்டி, தென்னை மட்டை இடுக்கு எல்லாமே அதற்கு வீடுதான்.

காதும் உதவும். மூவரி அணில் வாலை ஆட்டிக்கொண்டே விடாமல் "கீச்... கீச்" என்று கத்தினால், பக்கத்தில் பூனையோ, பாம்போ, வல்லூறோ இருக்கிறது என்று அர்த்தம். கிராமத்தில் அணில் கத்தலைக் கேட்டு பாம்பு தேடுபவர்கள் உண்டு. அதில் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய அணில்களின் சத்தம் வேறு. கடகடவெனத் தொடர்ந்து, காடே கேட்கிற மாதிரி இருக்கும்.

ராத்திரியில் பார்த்தால்?

மேலே சொன்ன அணில்கள் எல்லாம் பகலில் நடமாடுபவை. இரவில் மரத்தில் பெரிய கண்கள் பளபளத்தால் அது பறக்கும் அணிலாக இருக்கலாம். ஆனைமலை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெரிய பறக்கும் அணில், சின்னதான திருவிதாங்கூர் பறக்கும் அணில் என இரண்டு வகை உண்டு.

பெயர்தான் பறக்கும் அணில். உண்மையில் இவை பறப்பதில்லை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் இருக்கும் தோலை விரித்து, உயரமான மரத்திலிருந்து தாழ்வான மரத்துக்குக் காற்றில் சறுக்கி இறங்குகின்றன.

அணில் மாதிரி இருக்கும், ஆனால் அணில் இல்லை. அது எது?

இதுதான் நம்ம பக்கத்து ஆட்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பெயர் மூங்கில் அணத்தான்.

திட்டக்குடியைத் தொட்டு ஓடும் வெள்ளாறு, வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து உருவாவது. அந்த ஆறுகள் இறங்கிவரும் மேற்குப் பக்கம் போனால் கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் என வரிசையாகக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள். ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைக்காடுகளில் பாறை இடுக்கிலும் புதரிலும் இந்த விலங்கு ஓடும். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் "கோடு இல்லாத அணில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

உலகம் முழுக்க உயிரியல் படிப்பவர்கள் இதை "அனதானா" என்ற பேரினப் பெயரால் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் வந்ததே தமிழ் "அணத்தான்" என்ற சொல்லிலிருந்துதான். இந்தப் பேரினத்தில் உள்ள ஒரே இனமும் இதுதான். இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லை.

அணிலிலிருந்து இதைப் பிரிக்க 4 வழிகள்:

• முகம்: அணிலுக்கு மழுங்கிய மூக்கு. அணத்தானுக்கு மூஞ்சூறு மாதிரி கூரான மூக்கு.
• மீசை: அணிலுக்கு நீளமான மீசை முடி பளிச்சென்று தெரியும். அணத்தானுக்கு அப்படித் தெரியாது.
• தோள்: அணத்தானின் முதுகில் வரி இல்லை. தோளில் மட்டும் ஒரு வெளிர் கோடு சாய்வாக ஓடும்.
• இரை தேடும் விதம்: அணில் கொட்டையைக் கையில் பிடித்துக் கொறிக்கும். அணத்தான் பெரும்பாலும் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தேடும். பழமும் சாப்பிடும்.

அணில் கொறிக்கும் விலங்கு, எலியின் சொந்தம். அணத்தான் அந்தக் குடும்பமே இல்லை. மர மூஞ்சூறு என்ற தனி வரிசையைச் சேர்ந்தது.

எப்போது, எப்படிப் பார்க்கலாம்?

காலை வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலை 4 மணிக்குப் பிறகும்தான் அணில்கள் சுறுசுறுப்பாக இருக்கும். உச்சி வெயிலில் அவையும் ஓய்வில்தான். பழம் பழுத்திருக்கும் ஆலமரம், அத்திமரம், புளியமரம் பக்கத்தில் பத்து நிமிஷம் அசையாமல் நின்றாலே போதும்.

போட்டோ எடுத்தால் முதுகு, பக்கவாட்டு முகம், முழு வால் மூன்றும் தெரிகிற மாதிரி எடுங்கள். வால் வெட்டுப்பட்ட போட்டோவை வைத்து எந்த அணில் என்று சொல்வது கஷ்டம். 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற செயலியில் இடம், தேதியோடு பதிவேற்றினால், விவரம் தெரிந்தவர்கள் இனத்தைச் சொல்வார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அரிய அணிலின் கூடு இருக்கும் மரத்தை லொகேஷனோடு ஸ்டேட்டஸ் போடாமல், வனச்சரக அலுவலகத்தில் சொல்வது நல்லது.

குட்டி கீழே விழுந்து கிடந்தால்?

உடனே எடுத்துப் பசும்பால் ஊற்றாதீர்கள். பல குட்டிகள் சாவது இதனால்தான். வயிறு ஏற்றுக்கொள்ளாமல் கழிச்சல் வந்துவிடும். பால் மூக்கில் ஏறும் ஆபத்தும் உண்டு.

காயம் இல்லை என்றால், துணி விரித்த சின்ன அட்டைப் பெட்டியில் வைத்து, அதே மரத்தடியில் பூனை, நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். மனிதர்கள் விலகி நின்றால், தாய் அணில் வந்து வாயில் கவ்வித் தூக்கிப் போக வாய்ப்பு அதிகம். காயம் இருந்தாலோ, மாலை வரை தாய் வரவில்லை என்றாலோ கால்நடை மருத்துவரையோ வனத்துறையையோ அணுகலாம். மலை அணில், சாம்பல் நிற அணில், பறக்கும் அணில் போன்றவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உண்மையான ஆபத்து எங்கே?

மூவரி அணிலுக்குப் பெரிய கவலை இல்லை. மரம் வெட்டினால் ஓட்டுக்கூரைக்கு வந்துவிடும். பெரிய அணில்களுக்கு அந்த வசதி கிடையாது. கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்குப் பாதை. நடுவில் நாலு மரம் போனால் அந்தப் பக்கம் போக முடியாது. தரையில் இறங்கினால் நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரை. இரையும் இணையும் அந்தப் பக்கம் இருந்தால், இந்தப் பக்கத்துக் கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்துபோகும்.

அதனால்தான் செஞ்சியில் இருப்பது போன்ற சின்னச் சின்னக் காப்புக்காடுகள் முக்கியம். வரைபடத்தில் அவை ஒரு பச்சைப் புள்ளிதான். அங்கே என்ன அணில் ஓடுகிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால், ரோட்டுக்காகவோ குவாரிக்காகவோ அந்தப் புள்ளியில் கை வைக்கும்போது கேள்வி கேட்கவும் நாலு பேர் இருப்பார்கள்.

சுருக்கமாக:

• ஊருக்குள், 3 கோடு: மூவரி அணில்.
• மேற்கு மலைக்காடு, கருமையான உடம்பில் 3 கோடு: காட்டு வரி அணில்.
• மர உச்சி, சிவப்பும் வெளிர் மஞ்சளும்: மலை அணில்.
• மர உச்சி, நரைத்த சாம்பல்: சாம்பல் நிற அணில்.
• இரவு, விரியும் தோல்: பறக்கும் அணில்.
• தரையில், கூர்மூக்கு, தோளில் மட்டும் கோடு: அணில் இல்லை, மூங்கில் அணத்தான்.