மண் அணையில் கிடப்பது எங்கள் தோட்டத்து மண்: முன்வாளி பூட்டிய உழவு இயந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்புகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "இந்த மண் அணையை என்ன செய்யிறது?" என்பதுதான். 1990 ஜூனில் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் கட்டம் கட்டமாகத்தான் விடப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகத்தோடு 54 ஏக்கர், 2018 ஏப்ரலில் 683 ஏக்கர் என்று அந்தக் கணக்கு நீள்கிறது. விடப்பட்ட பல இடங்களில் வீடும் இல்லை, வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. காணிக்குக் குறுக்கே அணை மட்டும் நிற்கும்.

நான் உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைப்பவன். முன்வாளி பூட்டிய இயந்திரத்தால் இப்படியான காணிகளைச் சில வருடங்களாகத் துப்புரவாக்கி வருகிறேன். அடிக்கடி என் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "கூலி வேண்டாம், மண்ணை மட்டும் தாங்கோ, அணையை வழிச்சு விடுறன்." கையில் காசில்லாமல் திரும்பி வந்த குடும்பத்துக்கு அது நல்ல பேரமாகத்தான் தெரியும். ஆனால் அதில் போவது என்ன என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். சில இடங்களில் மண் ஆழமாக இருக்கும். சில இடங்களில் மண்வெட்டி இரண்டு முறை இறங்கினால் கல்லில் முட்டும். அணை கட்டும்போது அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் மேல்மண்ணைத்தான் வழித்துக் குவித்தார்கள். ஆறடி உயரம், அடியில் பன்னிரண்டு அடி அகலம் உள்ள அணையில் 30 அடி நீளத்தை எடுத்தால் ஏறக்குறைய 1,080 கன அடி மண் வரும். லொறிக்காரர் கணக்கில் 11 கியூப்புக்குக் கொஞ்சம் குறைவு. அதையே நான்கு அங்குலக் கனத்தில் பரவினால் ஒரு பரப்புக்கும் மேலே மூடலாம். லொறியில் ஏறிப் போன மண்ணை மழை திருப்பித் தராது. மண்ணை ஏற்றிச் செல்லப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி தேவை என்பதையும் பேரம் பேச வருபவருக்கு நினைவூட்டலாம்.

இயந்திரம் வருவதற்கு முன்

காணி விடுவிக்கப்பட்டது என்பதும் வெடிபொருள் அகற்றப்பட்டது என்பதும் ஒன்றல்ல. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்கும்போது, "காணி பார்க்கப்பட்டதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அணையும் பார்க்கப்பட்டதா?" என்றும் கேளுங்கள். பிளாஸ்டிக்காலான சிறிய மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. கருவி அதை மேற்பரப்புக்குக் கிட்டத்தான் காட்டும். அணையின் வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டாது. அதனால்தான் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் இத்தகைய வேலைக்குக் கவசமிட்ட இயந்திரங்களைக் கொண்டு வருகின்றன. அவை மண்ணை அள்ளிப் பரப்பிச் சோதிக்கின்றன. எங்கள் இயந்திரத்தில் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது வெறும் காற்று. அணை பார்க்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாளியை அதில் தொடவே கூடாது.

பார்க்கப்படாத காணியில் பற்றைக்கு நெருப்பு வைக்கவும் கூடாது. வேலையின் நடுவே சந்தேகமான பொருள் ஒன்று தெரிந்தால் எடுத்துப் பார்க்காதீர்கள், தள்ளி வைக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, வந்த தடத்திலேயே நடந்து வெளியேறி, 119க்கு அறிவியுங்கள்.

அடுத்தது கிணறு. தூர்ந்த கிணறும் மூடிய பதுங்கு குழியும் பற்றைக்குள் மறைந்திருக்கும். மண் நிறைந்த வாளியின் பாரம் முன்சில்லில்தான் இறங்கும். குழிக்குள் முதலில் விழுவதும் அதுதான். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்து கிணறு, மலசலகூடக் குழி, பழைய எல்லை எல்லாவற்றையும் உறுதியோடும் நிலஅளவைப் படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லையைக் குறிக்காமல் அணையைக் கலைத்தால் வெடிப்பது வழக்குத்தான்.

வாளி அள்ளத்தான், தோண்ட அல்ல

தோண்டும் வேலை பெக்கோவுடையது. முன்வாளி இளகிய மண்ணை அள்ள, சுமக்க, பரவ மட்டுமே. இறுகிய அணையில் வாளியை முட்டித் தள்ளினால் முன் அச்சும் வாளியின் கைகளும் வளையும். அணையின் மேல்பகுதியை மண்வெட்டியால் சரித்து விட்டு, சரிந்ததை அள்ளுவதே முறை. அணைக்குள் பனங்குற்றியும் சிலிப்பர் கட்டையும் முள்ளுக்கம்பியும் கிடக்கும். அவற்றைக் கையால் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டும். அவர்கள் கிட்ட வரும்போது வாளி நிலத்தில் இருக்க வேண்டும். தூக்கிய வாளிக்குக் கீழே எவரும் போகக் கூடாது.

பத்துக் கன அடி வாளியில் உலர்ந்த மண் 350 முதல் 400 கிலோ வரை இருக்கும். மழைக்குப் பிறகு இன்னும் கூடும். அத்தனை பாரமும் முன்னால் தொங்கும்போது பின்சில்லுகள் பிடிப்பை இழக்கும். பின்னால் ஒரு எதிர்ப்பாரம் கட்டாயம் வேண்டும். நிறைந்த வாளியை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் மெதுவாக ஓட்டுங்கள். சரிவில் குறுக்கே போக வேண்டாம். கொட்டும் இடத்தில் மட்டும் உயர்த்துங்கள்.

கனடாவில் இருக்கும் உறவினர்கள் பனி தள்ளும் வீடியோவை அனுப்பி, "இந்தச் சின்ன மெசின் காணாதோ?" என்று கேட்பார்கள். அது புல்வெட்டும் வண்டி. அதன் வாளி பெரும்பாலும் நெம்புகோலால் தூக்கிக் கவிழ்ப்பது. எருவுக்கும் சருகுக்கும் போதும், அணைக்குக் காணாது. காசு அனுப்புவதானால் ஊரில் ஐந்தாறு குடும்பம் சேர்ந்து வாடகைக்குப் பிடிப்பதே மேல். மேலே சொன்ன 30 அடி அணைக்கு 108 வாளி. மண் இளகியிருந்து கொட்டும் இடமும் கிட்ட இருந்தால் ஒரு நாளில் முடிக்கக்கூடிய வேலை.

பரவிய பிறகு

ஒரே இடத்தில் கொட்டிக் குவிக்காமல், கல் தெரியும் இடங்களுக்கு முதலில் கொடுங்கள். வாளியைத் தட்டையாக வைத்துப் பின்னோக்கி இழுத்தால் மண் சமமாகப் பரவும். ஈரமாக இருக்கும்போது இயந்திரத்தை ஏற்றாதீர்கள். சில்லுப் பட்ட இடம் இறுகிவிடும். அணைக்குள் வருடக்கணக்காக அமுங்கிக் கிடந்த மண்ணில் உடனே வெங்காயம் நட்டால் சோர்ந்துபோகும். மாட்டெரு போட்டு, ஒரு போகம் சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணில் உயிர் பிடிக்கும்.

கூலிக்குக் காசில்லை என்றால் இந்த வருடம் பத்தடி அணையை மட்டும் கலையுங்கள். மிச்சம் அடுத்த வருடமும் அங்கேதான் நிற்கும். மண்ணைக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க இன்னொரு காணி விற்க வேண்டி வரும்.