வயிற்று வலிக்கு ஸ்கேன் எப்போது தேவை?

வல்லார்பாடம் தீவிலிருந்து எறணாகுளம் செல்ல ஒரு காலத்தில் படகே வழியாக இருந்தது. 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பின்னர், நகரின் மருத்துவமனைகளும் பரிசோதனைக் கூடங்களும் அருகில் வந்துவிட்டன. வசதி அருகில் இருக்கையில், வயிறு வலித்தவுடன் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், உடலுக்கும் சேமிப்புக்கும் நலம் பயக்கும் முடிவு எது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

முதற்பரிசோதனை மருத்துவரின் கேள்விகளும் கைகளுமே ஆகும். வலி எங்கே, எப்போது தொடங்கியது, காய்ச்சலோ வாந்தியோ உண்டா என்பவற்றை அறிந்த பின்னரே படம் வேண்டுமா என்பது தெளிவாகும். ஓரிரு நாள் வயிற்றுப்போக்கிற்கோ, வேறு அபாய அறிகுறியற்ற நெஞ்செரிச்சலுக்கோ பெரும்பாலும் படம் தேவைப்படுவதில்லை.

பித்தப்பைக் கல் ஐயத்திற்கும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அல்ட்ராசவுண்டு முதல் தேர்வாகும்; அதில் கதிர்வீச்சு இல்லை. குடல் அடைப்பு, குடலில் துளை ஆகிய ஐயங்களில் எக்ஸ்ரே உதவலாம். குடல்வால் அழற்சி போன்றவை தெளிவாகாதபோது பெரியவர்களுக்கு சி.டி. ஸ்கேன் துணைநிற்கும். ஆனால் ஒரு வயிற்று சி.டி. தரும் கதிர்வீச்சு, இயற்கையில் நாம் சில ஆண்டுகளில் பெறும் அளவிற்கு ஒப்பானது. இரைப்பைப் புண்ணை அறிய ஸ்கேனைவிட எண்டோஸ்கோப்பியே ஏற்றது.

தாங்க முடியாத திடீர் வலி, பலகைபோல் இறுகிய வயிறு, இரத்த வாந்தி, கருநிற மலம், மயக்கம் ஆகியன இருப்பின் பரிசோதனைக் கூடத்திற்கன்று, அவசர சிகிச்சைப் பிரிவிற்கே செல்லல் வேண்டும். படம் இயல்பாக இருந்தும் வலி கூடினால் மீண்டும் மருத்துவரை நாடுக. தொடக்க நிலைக் குடல்வால் அழற்சி அல்ட்ராசவுண்டில் புலப்படாமல் போகலாம்.

காப்பீட்டு வாடிக்கையாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரிசோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேரும் செலவு, மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்குகளுள் ஒன்றாகும். அனுமதிக்குரிய நோய்க்காகச் சேரும்போது, முந்தைய பரிசோதனைச் செலவைப் பல பாலிசிகள் குறிப்பிட்ட நாள்களுக்கு ஏற்கின்றன. ஆரோக்கிய சஞ்சீவனியில் அது 30 நாள்கள். எனவே மருத்துவரின் சீட்டு, ரசீது, அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துக. பழைய அறிக்கை கையிலிருந்தால், அதே படத்தை மீண்டும் எடுக்கும் தேவையும் தவிரலாம்.

ஸ்கேன் எழுதித்தரும் மருத்துவரிடம், "இதன் முடிவு சிகிச்சையை எவ்வாறு மாற்றும்?" எனப் பணிவுடன் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.