வெள்ளமா, தேங்கிய நீரா?

2011 டிசம்பர் 23. கிறிஸ்மஸ் நெருங்கிய வேளையில் ஆர்ச்சர்ட் சாலையில் கனமழை. லியட் டவர்ஸ் கட்டடத்தின் கீழ்த்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2010 ஜூனிலும் இதே சாலை நீரில் மூழ்கியிருந்தது. ஆனால், இம்முறை பொதுப் பயனீட்டுக் கழகம் பயன்படுத்திய சொல் ‘பாண்டிங்’. அதாவது, நீர் தேங்கியதாம்! அந்தச் சொல் பலரின் கேலிக்கு ஆளானது.

அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில், அப்போதைய சுற்றுப்புற, நீர்வள அமைச்சர் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன், தம்மைப் பொறுத்தவரை அது வெள்ளமே என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கைகொடுத்தது ‘கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்’ என்ற ஆங்கில மரபுத்தொடர்.

சுவா சூ காங்கில் நான் துணைப்பாடம் சொல்லித்தரும் உயர்நிலை மூன்று மாணவர் இத்தொடரை ‘மண்வெட்டியை மண்வெட்டி என்று அழை’ என்று மொழிபெயர்த்தார். சிரிப்பு வந்தாலும், இத்தொடரே ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்ததுதான். கிரேக்க மூலத்தில் இருந்தது தொட்டியைக் குறிக்கும் சொல். 16ஆம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் லத்தீனில் எழுதியபோது தொட்டி மண்வெட்டியாகிவிட்டது. 1542ல் நிக்கலஸ் உடாலின் மொழிபெயர்ப்பு வழியாக அது ஆங்கிலத்துக்கும் வந்தது.

தமிழுக்கு மண்வெட்டி தேவையில்லை. ‘பூசி மெழுகாமல் சொல்’ என்போம். மறைப்பவரிடம், ‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே’ என்போம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தேங்கிய நீர் தானாக வடிந்துவிடும், காத்திருந்தால் போதும். வெள்ளம் என்றால் காரணம் தேட வேண்டும், வடிகாலைச் சீரமைக்க வேண்டும். ஆர்ச்சர்ட் சாலைக்கு உண்மையில் அதுதான் தேவைப்பட்டது. மழைநீரைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பிவிடும் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயும், 38,000 கனமீட்டர் நீரைத் தேக்கிவைக்கும் நிலத்தடித் தொட்டியும் 2018ல் கட்டிமுடிக்கப்பட்டன. வெறும் ‘தேங்கிய நீருக்கு’ இவ்வளவு வேலை எதற்கு?

நம் குழுப்பணி அறிக்கைகளிலும் ‘சில சவால்களைச் சந்தித்தோம்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. யார் எதைச் செய்யத் தவறினார் என்பது அதில் இராது. அடுத்த குழு அதே பள்ளத்தில் விழும்.

இரு மொழி கற்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் மழுப்பலாக எழுதிய வரியை வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். “அப்படியென்றால் என்ன நடந்தது?” என்று அவர் கேட்டால், அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.