‘ஃபார்மேட்’ செய்வதற்கு முன் ஒரு நிமிஷம்!

நம் சங்கக் குடும்பங்களில் இன்று கம்ப்யூட்டர் இல்லாத வீடு அபூர்வம். அதில் பாதி வீடுகளில் இருப்பது கடைக்காரர் பகுதி பகுதியாக வாங்கிக் கோத்துக் கொடுத்த ‘அசெம்பிள்டு’ கம்ப்யூட்டர்தான். சாந்தினி சௌக் பக்கம் போனால் மதர்போர்டு ஒரு கடையிலும் கேபினெட் இன்னொரு கடையிலுமாகப் பேரம் பேசி வாங்கிவரலாம். விலை குறைவு, வேண்டியபடி செய்துகொள்ளலாம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஏதாவது கோளாறு வந்தால் யாரைப் போய்க் கேட்பது? போர்டு விற்றவர் பிராசஸரைக் குறை சொல்வார், பிராசஸர் விற்றவர் போர்டைக் குறை சொல்வார். கடைசியில் இருவரும் ஒத்துப்போகிற ஒரே தீர்ப்பு, “ஃபார்மேட் கொர்தே ஹொபே, தாதா!” எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று அர்த்தம்.

இந்தத் தீர்ப்பை அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல, கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். டாக்குரியாவில் எங்கள் வீட்டில் 2022-ல் நடந்ததையும், அதை ஒட்டித் தெரிந்துகொண்ட விஷயங்களையும் சொல்கிறேன். உங்களில் நாலு பேருக்காவது பயன்படும்.

கறுத்துப் போன திரை

என் மகளின் படிப்புக்காகப் புதுக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. காளிகாட்டில் மெட்ரோ ஏறி சாந்தினி சௌக் போய், இரண்டு கடைகளில் சாமான் வாங்கினோம். பிராசஸர் 2021-ல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி. மதர்போர்டு பி450 வகை, அதாவது 2018-ல் வந்த ரகம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. கடைப் பையன் ஒருவர் வீட்டுக்கே வந்து பூட்டிக் கொடுத்தார். பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. “பிராசஸர் போயிருக்கும், மாற்ற வேண்டும்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மகள்தான் போர்டின் ஓரத்தைக் காட்டி, “அப்பா, இங்கே ஒரு குட்டி விளக்கு எரியறது பாருங்கோ” என்றாள். இந்த மாதிரிப் போர்டுகள் பலவற்றில் நாலு சிறு விளக்குகள் இருக்கும். பிராசஸர், ராம், டிஸ்ப்ளே, பூட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது இந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எதில் தடைப்படுகிறதோ அந்த விளக்கு அணையாமல் நின்றுவிடும். எங்களுடையதில் முதல் விளக்கிலேயே நின்றது.

பிராசஸர் கெட்டுப்போனாலும் அந்த விளக்குதான் எரியும், அது யாரென்று போர்டுக்குத் தெரியாவிட்டாலும் அதேதான் எரியும். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. பல மாதம் கடை அலமாரியில் கிடந்த போர்டு அது. அதற்குள் எழுதியிருந்த ஃபர்ம்வேர் 2021-ன் பிராசஸர் பிறப்பதற்கு முந்தியது. பழைய வாட்ச்மேன் புது மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைத்த கதை!

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

மின்சாரம் வந்தவுடன், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு வெகு முன்னாலேயே, போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சிப்பிலிருந்து ஒரு நிரல் ஓடும். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, பிறகு டிஸ்க்கைத் தேடி விண்டோஸை எழுப்பிவிடுவது அதன் வேலை. இதற்குப் பழைய பெயர் பயாஸ். 1970-களில் கேரி கில்டால் என்ற அமெரிக்கர் தம்முடைய சி.பி.எம். இயக்க மென்பொருளில் வைத்த பெயர், 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபின் உலகமெல்லாம் பரவியது. இப்போது அந்த இடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய ஏற்பாடு வந்துவிட்டது. ஆனாலும் கடைத்தெருவில் எல்லாரும் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் நமக்குச் சந்தோஷம் தரும் செய்தி ஒன்று உண்டு. பல கம்ப்யூட்டர்களின் முதல் திரையில் ‘அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்’ என்ற பெயர் ஒரு கணம் மின்னி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1985-ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுப்பிரமணியன் சங்கர். பிற்காலத்தில் டெல் என்று பெயர் பெற்ற கம்பெனி அதன் ஆரம்பகால வாடிக்கையாளர். சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. பென் டிரைவ் செருகுகிறோமே, அந்த யு.எஸ்.பி. ஏற்பாட்டை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவரும் இந்தியர்தான், பரோடாவில் படித்த அஜய் பட்.

ஃபர்ம்வேர் அழிந்தால் என்ன ஆகும் என்பதை 1999 ஏப்ரல் 26 அன்று உலகம் பார்த்தது. தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் அன்று கிளம்பி, டிஸ்க்கில் உள்ளதை அழித்ததோடு சில வகைப் போர்டுகளில் பயாஸ் சிப்பையும் அழித்தது. இந்தியாவிலும் பல அலுவலகங்களில் கம்ப்யூட்டர்கள் ஊமையாகிப் போயின. செர்னோபில் வைரஸ் என்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான்.

பென் டிரைவ் போட்ட சாவி

எங்கள் போர்டின் பின்புறத்தில் ஒரு யு.எஸ்.பி. துவாரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். ‘ஃப்ளாஷ்பேக்’ என்று பெயர். பிராசஸரே வேலை செய்யாவிட்டாலும் பென் டிரைவிலிருந்து புது ஃபர்ம்வேரைச் சிப்பில் எழுதும் வசதி இது. எல்லாப் போர்டிலும் கிடையாது. வாங்கும்போதே கேட்டு வாங்குவது நல்லது.

செய்முறை இதுதான். போர்டு தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்க வேண்டும். போர்டின் மாடல் பெயர் மட்டுமல்ல, மேலே அச்சிட்டிருக்கும் ‘ரிவிஷன்’ எண்ணும் பொருந்த வேண்டும். பென் டிரைவை ஃபாட்32 முறையில் தயார் செய்து, கையேட்டில் சொன்ன பெயரைக் கோப்புக்கு வைத்து, அந்தக் குறிப்பிட்ட துவாரத்தில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கும். அது நிற்கும்வரை சில நிமிஷங்கள் எதையும் தொடக்கூடாது.

நடுவில் மின்சாரம் போனால் சிப்பில் பாதி எழுத்துதான் இருக்கும். 2020 மே 20 அம்பன் புயலுக்குப் பிறகு நம்மில் பலர் நாள்கணக்கில் இருட்டில் இருந்தோம். கால்பைசாகி வீசும் சித்திரை, வைகாசி மாலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே வானம் தெளிந்த காலை வேளையில், யு.பி.எஸ்.ஸில் இணைத்துத்தான் இந்த வேலை. நாங்கள் அப்படியே செய்தோம். விளக்கு நின்றது, பொத்தானை அழுத்தினோம், திரையில் எழுத்து வந்தது. ‘போய்விட்ட’ பிராசஸர் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரின் ஃபர்ம்வேரைக் காரணமில்லாமல் சீண்டக்கூடாது. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், அதற்கு ‘பிட்லாக்கர்’ என்று பெயர். ஃபர்ம்வேரை மாற்றினால் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆரம்பியுங்கள்.

மாமனாரின் குரல்

இனிமேல்தான் அசல் சங்கடம். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் அதற்குள் ஓய்ந்துவிட்டிருந்தது. அதன் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினோம். அந்த டிஸ்க்கில் என் மாமனாரின் குரல் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து மெட்ராஸ் மெயிலில் ஹௌரா வந்து இறங்கியது, பாஷை தெரியாமல் டிராமில் தவித்தது என்று அவர் சொன்ன கதைகளை என் மனைவி 2014-ல் பல மணி நேரம் பதிவு செய்திருந்தாள். அவர் இப்போது இல்லை. டிவிடியில் எடுத்து வைத்த பிரதி கல்கத்தா ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் படிக்க மறுத்துவிட்டது.

புதுக் கம்ப்யூட்டரோ ‘பூட் செய்ய எதுவும் இல்லை’ என்று அறிவித்தது. வேறொரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, டிஸ்க் கெட்டுவிட்டது, ஃபார்மேட் செய்தால் சரியாகும் என்றார். என் மனைவி டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிஸ்க் கெடவே இல்லை. பழைய பயாஸ் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, அங்கே சொன்னபடி நடக்கும். எம்.பி.ஆர். என்பது அந்த முறை. புதிய யு.இ.எஃப்.ஐ. அப்படிச் செய்யாது. டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கிய பகுதியில், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். இதற்கு ஏற்ற புதிய டிஸ்க் அமைப்பு ஜி.பி.டி. பழைய தபால்காரர் வாசலில் நிற்பவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். புதியவர் ஃபிளாட் எண்ணும் பெயர்ப்பலகையும் பார்த்துத்தான் கொடுப்பார். பலகை இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார். உள்ளே ஆள் சௌக்கியமாக இருப்பார்!

இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது யு.எஸ்.பி. பூட். உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பலாம். ‘நிறுவு’ என்பதைத் தொடாமல் ‘முயன்று பார்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், உள்ளிருக்கும் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது. நாங்கள் அப்படித்தான் திறந்தோம். கோப்புகள் அத்தனையும் இருந்தன. முதல் வேலையாக வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தோம். விண்டோஸ் 10-ல் கூடவே வரும் ஒரு கருவியால் பழைய டிஸ்க்கை அழிக்காமலே ஜி.பி.டி.க்கு மாற்றவும் முடியும். ஆனால் அதெல்லாம் நகல் எடுத்த பிறகுதான்.

பென் டிரைவிலிருந்து எழவில்லையா?

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். என்னிடம் வந்த நண்பர்களின் வீடுகளில் பார்த்த காரணங்கள் இவை:

1. இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டால் போதாது. ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் தரும் கருவியே போதும். 8 ஜி.பி. பென் டிரைவ் வேண்டும், அதில் இருப்பது அழிந்துவிடும்.

2. ஃபாட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு அடங்காது. விண்டோஸில் அப்படி ஒரு பெரிய கோப்பு வருவதுண்டு. கையால் நகலெடுத்தால் அங்கே நின்றுவிடும்.

3. மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம். யு.இ.எஃப்.ஐ. என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த மெனு எஃப்8, எஃப்11, எஃப்12 என்று போர்டுக்குப் போர்டு வேறு சாவியில் வரும். அமைப்புத் திரைக்குப் பெரும்பாலும் டெலீட் சாவி.

4. முன்பக்கத் துவாரத்திலோ, பல துவாரங்கள் உள்ள ஹப்பிலோ செருகாமல் போர்டின் பின்புறத்தில் நேராகச் செருகுங்கள்.

5. ‘செக்யூர் பூட்’ என்பதை முதல் காரியமாக அணைத்துவிடுவது சில மெக்கானிக்குகளின் வழக்கம். உபுண்டு அது இருக்கும்போதே எழும். அணைத்தே ஆகவேண்டி வந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

6. தேதி தினமும் பின்னுக்குப் போகிறதா? பூட் வரிசை மறந்துபோகிறதா? போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற வட்டப் பாட்டரி தீர்ந்திருக்கும். லேக் மார்க்கெட்டில் ஒரு மசால் தோசைக்குக் கொடுக்கும் காசுகூட ஆகாது. தேதி தப்பாக இருந்தால் பாங்க் தளங்களும் திறக்க மறுக்கும். வயதானவர்கள் வீட்டில் இதை முதலில் பாருங்கள்.

பழையதைக் கழிப்பதற்கு முன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 தனக்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்கிறது. “உங்கள் மெஷினில் அது இல்லை, புதிது வாங்குங்கள்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல கம்ப்யூட்டர்களில் அந்த வசதி ஃபர்ம்வேருக்குள்ளேயே இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டுகளில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டுகளில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர். அதைப் போட்டுவிட்டால் வேலை முடியக்கூடும். பிராசஸரே மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லாத அளவு பழையது என்றால் லினக்ஸ் போட்டுக்கொண்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். கடிதம் எழுத, பாட்டுக் கேட்க, ஊரிலிருக்கும் பேரனோடு வீடியோவில் பேச அது தாராளமாகப் போதும்.

தமிழ்நாட்டை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன குடும்பங்கள் நம்முடையவை. கும்பகோணத்து வீட்டின் ஒரே போட்டோ, பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, தாத்தா எழுதி வைத்த வம்சாவளி எல்லாம் இப்போது ஏதோ ஒரு பழைய டிஸ்க்கில்தான் இருக்கின்றன. மதர்போர்டு போனால் சாந்தினியில் இன்னொன்று கிடைக்கும், இவை கிடைக்காது. ஆகவே ஃபார்மேட் என்ற சொல் காதில் விழுந்தவுடன் மெக்கானிக்கை உட்கார வைத்து ஒரு கப் காபி கொடுங்கள். எந்த விளக்கு எரிகிறது, டிஸ்க் எம்.பி.ஆரா ஜி.பி.டியா, பென் டிரைவிலிருந்து திறந்து பார்த்தாயிற்றா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்து, நகலும் எடுத்த பிறகு அவர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

உபுண்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்று எங்கள் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கிறது. டாக்குரியா, கரியாஹாட், லேக் மார்க்கெட் பக்கத்து அன்பர்கள் யாருக்காவது வேண்டுமானால் அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.