ரெண்டுதரம் அடிச்சால் பிடிக்கும்: பழைய மொறிஸ் மைனரின் பிறேக் சொல்லும் கதை

"ரெண்டுதரம் அடிச்சால் பிடிக்கும்." எங்கள் மொறிஸ் மைனரை யாராவது இரவல் கேட்டால், திறப்போடு சேர்த்து அப்பா கொடுக்கும் அறிவுரை இதுதான். யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருந்த பல வீடுகளில் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறேன்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் செய்வதற்கு மட்டும் ஒரு சிறு போத்தலில் பெற்றோல். பிறேக் எண்ணெய்க்கு எங்கும் வழியில்லை. ஒருநாள் அப்பா எஞ்சின் ஒயிலை ஊற்றினார். சில நாட்களில் சில்லுகள் இறுகிப்போயின. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த றப்பர்கள் எல்லாம் ஊதிப் பெருத்திருந்தன. தேய்த்துச் சரிக்கட்டித் திரும்பவும் ஓடினோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, அம்மம்மாவையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழி நோக்கி ஊர்ந்தபோது, முன்னாலும் பின்னாலும் சனக்கடல். பிறேக்கை நம்பமுடியாது. அப்பா முதலாம் கியரிலேயே வந்தார். கார் நிற்கும்போதெல்லாம் சில்லுக்கு அடியில் வைக்க ஒரு மரக்கட்டையோடு நான் பக்கத்தில் நடந்தேன்.

அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. ஆனாலும் அந்தக் காலத்துச் சமாளிப்புடனேயே பல கார்கள் இன்னமும் ஓடுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1948 முதல் 1971 வரை உற்பத்தியான மொறிஸ் மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ட்றம் பிறேக்தான். சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும் ஒரேயொரு மாஸ்ரர் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் எண்ணெயைத் தள்ளுகிறது. முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று என மொத்தம் ஆறு சில்லுச் சிலிண்டர்கள். எங்காவது ஓரிடத்தில் பைப் வெடித்தால் நான்கு சில்லிலும் பிறேக் போய்விடும். பிறகு கை பிறேக் மட்டும்தான் மிச்சம்.

பிழை எங்கே என்பதை அறிய முதலில் பெடலை மிதித்துப் பாருங்கள்.

பெடல் ஆழமாகப் போய், இரண்டாம் தரம் மிதிக்கும்போது மேலே வந்து இறுக்கமாக நின்றால், சூவுக்கும் ட்றம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ற் செய்யவேண்டும். அப்பாவின் 'ரெண்டுதரம்' பெரும்பாலும் இதுதான். அரைமணி நேர வேலை.

மிதிக்கும்போது பஞ்சுபோல் மெதுவாக இருந்தால், பைப்புக்குள் காற்று. மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சில்லில் தொடங்கிக் காற்றை எடுக்கவேண்டும்.

காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. நான்கு சில்லின் உட்பக்கத்தையும் பைப் மூட்டுகளையும் பாருங்கள். ஈரம் இருந்தால் கசிவு அங்கே. எங்கும் ஈரம் இல்லை, எண்ணெய் மட்டமும் குறையவில்லை என்றால், மாஸ்ரர் சிலிண்டரின் உள் றப்பர் தேய்ந்துவிட்டது. அந்தக் காரை வீதிக்கு எடுக்கவே கூடாது.

பிறேக் பிடிக்கும்போது கார் வலப்பக்கம் இழுத்தால், பலர் வலது சில்லைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் பிழை இடது சில்லில்தான் இருக்கும். அங்கே சூவில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது சிலிண்டர் கறள் பிடித்து இறுகியிருக்கும்.

சில்லு சூடாகி இறுகினால், ஜக்கில் உயர்த்திச் சுற்றிப் பாருங்கள். நான்கும் இறுகினால் மாஸ்ரர் சிலிண்டரைப் பாருங்கள். முன் சில்லு ஒன்று மட்டும் இறுகினால், காற்றெடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பீறிட்டுச் சில்லு விடுபட்டால், றப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. விடுபடாவிட்டால் சிலிண்டரோ சூவோ இறுகியிருக்கிறது. பின் சில்லென்றால் கை பிறேக் கேபிளையும் பாருங்கள்.

போர்க்காலத்தில் ஓடிய காரை வாங்குபவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும். பிறேக் எண்ணெயில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விடுங்கள். சரியான டொட் 3 அல்லது டொட் 4 எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே மிதந்தால், அதில் எஞ்சின் ஒயில் போன்ற ஏதோ சேர்ந்திருக்கிறது. அப்படியானால் மாஸ்ரர் சிலிண்டர், ஆறு சில்லுச் சிலிண்டர்கள், மூன்று ஹோஸ்கள் எல்லாவற்றிலும் றப்பரை மாற்றி, இரும்புப் பைப்புகளை மெதிலேற்றட் ஸ்பிரிட்டால் கழுவவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ட்றம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

எங்கள் காரின் எண்ணெயை நான் இப்படிச் சோதித்தபோது, தண்ணீரின் மேல் மெல்லிய படலம் ஒன்று மிதந்தது. இடப்பெயர்வுக்கு முன்னர் அப்பா ஊற்றியதன் மிச்சம். றப்பர் முழுவதையும் மாற்றினேன். இப்போது அது முதல் மிதியிலேயே பிடிக்கிறது. அந்த மரக்கட்டை மட்டும் இன்னும் டிக்கிக்குள் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை.