மேடையில் மடிக்கணினி திணறாதிருக்க...

முன்பெல்லாம் ஆர்மோனியமும் தபேலாவும் வைக்கப்பட்டிருந்த இடத்தில் இன்று ஒரு மடிக்கணினி அமர்ந்திருப்பதை மீலாது மேடைகளிலும் திருமணப் பந்தல்களிலும் தாங்கள் கண்டிருக்கலாம். இசை கூடுமா, கூடாதா என்னும் சட்டப் பிரச்சினை ஆலிம் பெருமக்களுக்குரியது; அதனுள் நாம் நுழையவில்லை. ஆனால், தங்கள் இல்லத்துப் பிள்ளை இத்தொழிலை நம்பி முன்பணம் பெற்று மேடையேறுகிறவராயின் இதைப் படிக்கச் சொல்லுங்கள். பாடகர் உச்சத்தைத் தொடும் வேளையில் கருவி கரகரத்து நின்றுவிட்டால், அடுத்த ஊர் அழைப்பும் அத்துடன் நின்றுபோகும்.

தானே இசைக்கும் பொறி நமக்குப் புதிதன்று. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் நீர்விசையால் இயங்கும் குழற்பொறி ஒன்றை வகுத்தனர். சுழலும் உருளையில் பதித்த முளைகளே எந்தத் துளை எப்போது திறக்க வேண்டுமெனத் தீர்மானித்தன. அவ்வுருளையில் எல்லாம் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருந்தது. கணினியோ அந்தந்தக் கணத்திலேயே கணக்கிட்டாக வேண்டும், தொல்லையெல்லாம் அங்குதான்.

ஒலியை அது பொதுவாக நொடிக்கு 44,100 மாதிரிகளாகக் கணித்து, சிறு சிறு கூடைகளில் நிரப்பி அனுப்புகிறது. அக்கூடைக்கு 'பஃபர்' என்று பெயர். ஒரு கூடை தீருமுன் அடுத்தது நிரம்பியிருக்க வேண்டும். சற்றே பிந்தினாலும் 'படபட'வென வெடிப்பொலி கேட்கும். கூடையைப் பெரிதாக்கினால் போதாதா என்பீர்கள். 1,024 மாதிரிகள் கொண்ட கூடை 23 மில்லி நொடியை விழுங்குகிறது. விசையை அழுத்திய விரலுக்கும் கேட்கும் செவிக்கும் பிணக்கு வந்துவிடும். 256 எனில் 6 மில்லி நொடிக்கும் குறைவே. விரலால் வாசிப்பவருக்கு அதுவே ஏற்றது. ஆயத்தத் தடங்களை ஓட்டுவதோடு நிற்பவர் 1,024-ஐத் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கனம் வேறிடத்தில் இருக்கிறது. பத்துத் தடங்களுக்கும் தனித்தனியே எதிரொலி சேர்ப்பது, பத்து விருந்தினருக்குப் பத்து அடுப்பு மூட்டுவதைப் போன்றது. ஒரே எதிரொலியைப் பொதுவில் வைத்து, எல்லாத் தடங்களையும் அதற்குள் அனுப்புங்கள். மேடையில் மாற்றப்போவதில்லையென உறுதியான மின்னிசைக் கருவிகளை வீட்டிலேயே ஒலிக்கோப்புகளாக்கிவிடுங்கள். 2001-இல் வெளிவந்த 'ஆபிள்டன் லைவ்' போன்ற மென்பொருள்களில் இதற்கு 'ஃப்ரீஸ்' என்னும் வசதி இருக்கிறது. சுமைமானி பாதியைக் காட்டுகிறதென்று நிம்மதி கொள்ளவும் கூடாது. ஒரே தடத்தில் அடுக்கிய விளைவுகள் பெரும்பாலும் செயலியின் ஒரே கருவின் தலையில்தான் விழும். மற்றவை ஓய்ந்திருக்க, அது மட்டும் மூச்சுமுட்டும்.

வெப்பமும் பகைவனே. சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே மடிக்கணினியைப் பட்டுத்துணி விரித்த மேசையில் வையாதீர்கள்; கீழே காற்றோட்டம் வேண்டும். மின்னிணைப்பிலேயே வாசியுங்கள்; பேட்டரியில் ஓடும்போது பல கணினிகள் சிக்கனம் கருதி வேகம் குறைகின்றன. ஜெனரேட்டர் நொடிப்பொழுது தடுமாறினாலும் நிரம்பிய பேட்டரி கைகொடுக்கும் என்பது மடிக்கணினிக்கே உரிய வரம். வைஃபையையும் தானியங்கிப் புதுப்பிப்புகளையும் முன்னரே நிறுத்திவிடுங்கள்.

நிகழ்ச்சி இரண்டு மணி நேரமெனில், முதல் நாள் வீட்டிலும் இரண்டு மணி நேரம் இடைவிடாது ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடச் சோதனையில் சூடு தன்னைக் காட்டாது. பின்னணியிசை முழுவதையும் கைப்பேசியில் ஒரு பிரதி எடுத்து, அதற்குரிய கம்பியோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.