மழையிலும் வெயிலிலும் பந்தய வண்டி

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வேலை நேரம் ரயில் நேரத்தோடு ஒத்துவராத இளைஞர்கள் நாள்தோறும் இவ்வழியே மோட்டார் சைக்கிளில் சென்று மீள்கின்றனர். அவர்களுள் பலர் ஆசையோடு வாங்குவது, குனிந்து அமர்ந்து ஓட்டும் பந்தய வகை வண்டி. "இது விளையாட்டுச் சாமான், அன்றாடப் பிழைப்புக்கு உதவாது" என்று பெற்றோர் தடுக்கின்றனர். "நெடுஞ்சாலைக்கு இதுவே ஏற்றது" என்று பிள்ளைகள் வாதாடுகின்றனர். இவ்வழக்கில் இரு தரப்பாரிடத்தும் பாதி நியாயம் உண்டு என்பது எமது கருத்து.

பெரியோரின் ஐயம் காரணமற்றதன்று. 1983-ல் நம் நாட்டில் வெளிவந்த ராஜ்தூத் 350 வேகத்துக்குப் பேர்போனது; பெட்ரோல் குடிப்பதிலும் அவ்வாறே. அந்த நினைவு இன்னும் அகலவில்லை. ஆனால் 2008-ல் வந்த யமஹா ஆர் 15, நம் ஓசூரிலேயே உருவாகி 2017 டிசம்பரில் வெளியான டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்றவை வேறு தலைமுறையைச் சேர்ந்தவை. இவற்றின் இயந்திரத்தைச் சுற்றிக் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது. ஆகவே நெடுநேரம் ஓடினாலும் சூடு ஓரளவில் நிற்கிறது. கடைத்தெருவுக்கு நாலு முறை உதைத்துக் கிளப்பி, சூடேறும் முன்னரே நிறுத்தப்படும் வண்டியைக் காட்டிலும், ஒரே சீரான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும் வண்டிக்குத் தேய்மானம் குறைவு. இதனைப் பலர் நம்ப மறுக்கின்றனர். ஆங்கிலேயரான நிக் சாண்டர்ஸ் 1997-ல் டிரையம்ப் டேடோனாவிலும், பின்னர் யமஹா ஆர் 1 வண்டியிலும் உலகைச் சுற்றினார். டச்சுக்காரரான ஷாக் லூகாசன் அதே ஆர் 1 வண்டியில், பனியும் பாலையும் பாராது, ஐந்தாண்டுக் காலம் உலகெங்கும் அலைந்தார். இரண்டும் பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகள்.

எனினும் கணக்கு ஒன்று உண்டு. அதனைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. போகவர 140 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 3,500, ஆண்டுக்கு 42,000. உலகை ஒரு சுற்றுச் சுற்றி மிச்சமும் இருக்கும்! லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டாலும் மாதம் 87 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய்க்குக் குறையாத விலையில் அது 8,700 ரூபாயைத் தாண்டும். ரயிலில் மாதச் சீட்டுக்குச் சில நூறு ரூபாயே ஆகும். ரயில்வேயின் உப்பைத் தின்கிறவர்கள் ஆதலால் இப்படி எழுதுகிறோம் என்று எண்ண வேண்டா. ரயில் நேரம் ஒத்துவருகிறவர் ரயிலில் செல்வதே அறிவுடைமை.

ஒத்துவராதவர் செயினிலிருந்து தொடங்க வேண்டும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை அதனைத் துடைத்து எண்ணெயிட வேண்டுமென்பது பொது விதி. மேற்கூறிய கணக்குப்படி மாதத்தில் ஏழு முறை. மழையில் நனைந்துவிட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் அன்றிரவே. இயந்திர எண்ணெயை 6,000 கிலோமீட்டரில் மாற்றுக என்று கையேடு கூறினால், ஏழு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; "ஆறு மாதம் ஆகவில்லையே" என்று காத்திருத்தல் தகாது. பந்தய வண்டியின் பின் டயர் மென்மையான ரப்பரால் ஆனது. சாலையை நன்றாகப் பற்றும். பற்றுவதனாலேயே விரைவில் தேயும். நேர்ச் சாலை ஓட்டத்தில் அதன் நடுப்பகுதி தட்டையாகிவிடும். ஓரங்களைப் பார்த்து, புதிது போல் இருக்கிறதென்று ஏமாறலாகாது.

இனி, பருவங்களைப் பற்றி. கோடையில் இவ்வட்டாரத்து வெயில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே தூசியும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் நீரால் பயனில்லை. வாரம் ஒரு முறை மெதுவாக நீர் தெளித்துக் கழுவ வேண்டும். வெயில் தணியுமுன்பே மாங்காய்ப் பருவம் வந்துவிடுகிறது. கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சித்தூர்ப் பக்கத்துக் கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி வரிசையாகச் செல்லும். அவற்றுள் பின்விளக்கு இல்லாதவை பல. நசுங்கிய பழம் கிடக்கும் சாலை, மழைச் சாலையினும் வழுக்கும். புரட்டாசியிலோ மஞ்சளாடை உடுத்து நடந்து செல்லும் யாத்திரிகர் கூட்டம், விடியுமுன் சாலையோரம் முழுதும் நிறைந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை தனிச் சோதனை. நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் முதல் அரைமணி நேரமே மிகக் கொடியது. சாலையில் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும். அந்நேரம் ஏதேனும் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நிற்பதில் வெட்கமில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். நிற்பதற்கு வேண்டிய தூரம் வேகத்தின் இருமடிப்படி வளருமாதலால், 60-ல் பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தைக் காட்டிலும் 80-ல் ஏறக்குறைய 1.8 மடங்கு தேவை. நனைந்த சாலையில் இரண்டுமே இன்னும் நீளும். 2019 ஏப்ரல் முதல், 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் யாவும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குடன்தான் விற்கப்பட வேண்டும். அதற்கு முந்திய வண்டியைப் பழையதாக வாங்குவோர், அது இருக்கிறதா என்று முதலில் கேட்டறிக. விலை குறைவு என்பதற்காக அதனை விட்டுக்கொடுத்தல் கூடாது.

2021 நவம்பர் மழையில் திருப்பதி வீதிகள் ஆறுகளாயின. வண்டிகள் நீரில் மூழ்கின. திருமலைச் சாலைகள் மூடப்பட்டன. அவ்வாறு மூழ்கிய வண்டியை நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது பெருந்தவறு. சிலிண்டரில் நீர் இருந்தால் உட்புறத் தண்டு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பிறகே தொட வேண்டும்.

வண்டி தாங்கினாலும் உடல் தாங்குமா என்பது நியாயமான கேள்வி. முன்புறத்தைச் சூழ்ந்த உறை காற்றையும் மழைச்சாரலையும் மார்பில் அறையாமல் தடுப்பதால், நெடுஞ்சாலையில் களைப்பு உண்மையாகவே குறைகிறது. ஊருக்குள் நகர்ந்து செல்கையிலோ உடற்பாரம் முழுதும் மணிக்கட்டில் இறங்கும். முழங்கால்களால் பெட்ரோல் டாங்கியை இறுகப் பற்றிக்கொண்டு, கைகளைத் தளர்த்திப் பழக வேண்டும். இரவு வேலை முடித்து உறக்கம் கண்ணைச் சுழற்றும் நிலையில் கிளம்புவதற்கு மட்டும் எந்தப் பழக்கமும் மருந்தாகாது.

பின்னிருக்கை விஷயத்தில் பெற்றோர் பக்கமே நாம். உயர்ந்து குறுகிய அந்த இருக்கையில், புடைவை உடுத்த தாயையோ மனைவியையோ ஏற்றித் திருமலைக்குச் செல்வது பொருத்தமன்று. 1944-ல் திறந்த முதல் மலைச்சாலை இப்போது இறங்குவதற்கும், 1974-ல் அமைந்த இரண்டாவது சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இறங்குகையில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும்போது பின்னிருப்பவர் ஓட்டுபவர் முதுகின்மேல் சரிவார். பிடித்துக்கொள்ளவும் அங்கே வசதி குறைவு. குடும்பத்தோடு செல்லப் பேருந்து இருக்கிறது.

காப்பீட்டைப் பற்றி ஒன்று கூற வேண்டும். பல வீடுகளில் இதனைக் கவனிப்பதில்லை. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. அது எதிரில் வந்தவருக்கு ஈடு செய்யுமேயன்றி, ஓட்டியவருக்கு உதவாது. ஓட்டியவருக்கென உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும், வண்டியின் உரிமையாளர் தாமே, உரிய லைசென்சுடன் ஓட்டினால்தான் செல்லும். தந்தை பெயரில் வண்டி வாங்கி மகன் ஓட்டும் வீடுகளில் அந்த 15 லட்சம் மகனுக்கு இல்லை. அத்தகையோர் ஒன்று வண்டியை மகன் பெயருக்கு மாற்றுக. இன்றேல் மகன் பெயரால் தனி விபத்துக் காப்பீடு எடுத்து, அக்காகிதத்தை அவன் தாய்க்குத் தெரிந்த இடத்தில் வைத்திடுக.